அதே வீட்டுக்கு இன்னொரு முறை

2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கையின் எண்கள் இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. டெல்லியில் இருக்கும் என்சிஏஇஆர் நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிற இந்திய மனித மேம்பாட்டு ஆய்வைப் பற்றித்தான் சொல்கிறேன். 2011-12-ல் 21.2 சதவீதமாக இருந்த வறுமை 2022-24-ல் 8.5 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்றது அறிக்கை. பத்திரிகைகள் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டன. வறுமைக்கோடு சரியா, குறைந்தது நிஜமா என்று விவாதமும் அதையே சுற்றி வந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது உள்ளே இருந்த இன்னொரு கணக்கு. அந்த 8.5-ல் 3.2 மட்டும்தான் வறுமையிலேயே பிறந்து அதிலேயே கிடப்பவர்கள். மீதி 5.3, வாழ்க்கையில் ஏதோ ஓர் அடி விழுந்து உள்ளே வந்தவர்கள்.

அப்படியென்றால், இன்றைக்கு வறுமையில் இருப்பவர்களில் பாதிக்கும் அதிகமானவர்கள் ஒரு காலத்தில் நம்மைப் போல, நம் பக்கத்து வீட்டைப் போல ஓரளவு நிமிர்ந்து நின்ற குடும்பங்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். 2004-05-ல் 1,503 கிராமங்களிலும் 971 நகரப் பகுதிகளிலும் 41,554 குடும்பங்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். 2011-12-ல் மறுபடி போனபோது அவற்றில் 83 சதவீதக் குடும்பங்களைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். மூன்றாவது முறை போனது 2022-24-ல். அரசு நடத்துகிற நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்போ ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய வீடுகளைத் தேர்ந்தெடுக்கும். மிகப் பெரிய மாதிரி, கவனமான வேலை, அதில் எனக்குக் குறை இல்லை. எத்தனை பேர் ஏழை என்று அது சொல்லும். போன தடவை ஏழையாக இருந்தவர்கள்தானா இந்தத் தடவையும் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

ஒரு ஊரில் இருபது சதவீதம் பேர் ஏழைகள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அதே இருபது சதவீதம். அதே குடும்பங்கள் அப்படியே கிடக்கலாம். அல்லது பழையவர்கள் எல்லாரும் ஏறிப் போய், அந்த இடத்துக்கு வேறு குடும்பங்கள் சரிந்து வந்திருக்கலாம். முதல் ஊருக்கு வேண்டியது நிலம், பள்ளிக்கூடம், சாதிக் கொடுமையிலிருந்து விடுதலை. இரண்டாவது ஊருக்கு வேண்டியது நல்ல அரசு ஆஸ்பத்திரி, பயிர்க் காப்பீடு, விதவைப் பென்ஷன். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ஊரையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

இது ஆய்வாளர்களின் கவலை மட்டும் இல்லை. நம் நாட்டில் ஏழை யார் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, அதை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு இருப்பதுதான் வழக்கம். 2018-ல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, யாருக்குக் கிடைக்கும் என்று முடிவு செய்ய எடுத்துக்கொண்டது 2011-ன் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை. ஏழு வருஷத்துப் பழைய பட்டியல். அந்த ஏழு வருஷத்தில் குடும்பத் தலைவனை இழந்தவர்கள், நிலத்தை விற்றவர்கள், சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்கள் எல்லாம் அந்தக் காகிதத்தில் ‘வசதியானவர்கள்’தான். யாருக்கு அந்தக் காப்பீடு ரொம்ப அவசியமோ அவர்களே விட்டுப்போகிற ஏற்பாடு அது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையை நான் விடாமல் ஆதரிப்பதற்கும் இதுதான் காரணம். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தபோது தமிழ்நாடு அரிசியை எல்லாருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. ‘வசதி உள்ளவனுக்கு எதற்கு அரிசி’ என்று கேட்காத ஆளில்லை. இந்த வருஷம் வசதியாக இருக்கிற வீடு அடுத்த வருஷம் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. விழுகிற நேரத்தில் மனு எழுதி, விசாரணைக்குக் காத்திருந்து, கார்டு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கிற கார்டு அப்போது காப்பாற்றும். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போன ஆய்வுகளைப் படித்த பிறகு இந்த எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது.

இந்த மாதிரி ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது இக்ரிசாட்டின் கிராம ஆய்வு. ஹைதராபாத் பக்கம் பட்டன்சேருவில் 1972-ல் தொடங்கிய சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இக்ரிசாட். சோளம், கம்பு, கடலை, துவரை என்று மானாவாரிப் பயிர்களுக்கானது. நல்ல விதையைக் கண்டுபிடித்துவிடலாம், விவசாயி அதை வாங்கி விதைப்பானா என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. ஜேம்ஸ் ரயான், ஹான்ஸ் பின்ஸ்வாங்கர், என்.எஸ். ஜோதா ஆகிய பொருளியலாளர்கள் இதற்காக 1975-ல் ஆறு ஊர்களைப் பிடித்தார்கள். மகபூப்நகர் மாவட்டத்தில் ஔரேபல்லி, டோகூர். சோலாப்பூர் மாவட்டத்தில் ஷிராப்பூர், கல்மான். அகோலா மாவட்டத்தில் கன்சாரா, கின்கேடா. ஊருக்கு நாற்பது குடும்பம்: சிறு விவசாயி பத்து, நடுத்தரம் பத்து, பெரிய விவசாயி பத்து, நிலமில்லாத கூலிக் குடும்பம் பத்து.

அவர்கள் செய்த அருமையான காரியம், ஊருக்கு ஒரு ஆளை அங்கேயே குடியிருக்க அனுப்பியது. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், விவசாயப் பொருளியல் படித்தவர், அந்த ஊர்ப் பாஷை பேசுகிறவர். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து கேட்பார். எந்த வயலில் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், மாடு எத்தனை நாள் உழுதது, என்ன வாங்கினீர்கள், என்ன விற்றீர்கள், யாரிடம் கடன், யாருக்குக் கொடுத்தீர்கள், உறவுக்காரர்கள் என்ன அனுப்பினார்கள் எல்லாம் எழுதுவார். பத்து வருஷம் இது நடந்தது. போன மாதம் வாங்கிய எண்ணெயை ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். போன தை மாதத்து எண்ணெய் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால்தான் அந்தத் தரவை உலகம் முழுக்கப் பொருளியலாளர்கள் இன்றும் எடுத்துப் படிக்கிறார்கள். பொருளியல் கட்டுரைகளில் ஔரேபல்லியின் ஆமணக்குச் செடியும் ஷிராப்பூரின் கரிசல் காட்டுச் சோளமும் வருவது இந்த இளைஞர்கள் நோட்டும் பேனாவுமாக அலைந்ததால்தான்.

அங்கிருந்து வந்த முதல் பெரிய முடிவு பின்ஸ்வாங்கருடையது, 1980-ல் வெளியானது. ஏழை விவசாயி பயந்தவன், அதனால்தான் புது விதையைத் தொடமாட்டான் என்று அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்த காலம். பின்ஸ்வாங்கர் நிஜப் பணம் வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார். நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு தொகையா, பூவா தலையா போட்டு அதைவிடக் கூடுதலோ குறைவோ கிடைப்பதா என்று தேர்வு. சின்னத் தொகையில் ஆரம்பித்து, கூலிக்காரரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிற அளவுக்குப் பந்தயம் ஏறியது. பணம் பெரிதாகப் பெரிதாகக் கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே மாதிரி மிதமான ஜாக்கிரதைக்கு வந்துவிட்டார்கள். நிலம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் பணக்கார விவசாயி முதலில் புது விதை போடுகிறார்? கடன் கிடைக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பொய்த்தால் தாங்குவதற்கு வீட்டில் இருப்பு இருக்கிறது. ஏழையின் குணத்தில் கோளாறு தேடுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய கட்டுரை.

அடுத்தது ராபர்ட் டவுன்செண்ட், 1994. ஔரேபல்லி, ஷிராப்பூர், கன்சாரா மூன்றின் பத்து வருஷக் கணக்கை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டின் வருமானமும் வருஷத்துக்கு வருஷம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஒருவருக்கு நல்ல வருஷம், பக்கத்து வீட்டுக்குக் கெட்ட வருஷம். ஆனால் சாப்பாட்டுச் செலவைப் பார்த்தால் ஊர் மொத்தமும் ஏறக்குறைய சேர்ந்து ஏறுகிறது, சேர்ந்து இறங்குகிறது. ஒரு வீட்டில் நோய், வேலையில்லை என்றாலும் அந்த வீட்டு உலை ஊரோடு சேர்ந்தே கொதிக்கிறது. காப்பீட்டுக் கம்பெனியே எட்டிப் பார்க்காத ஊரில் இது எப்படி நடக்கிறது? கைமாற்று, தானியக் கடன், உறவுக்காரர் அனுப்பும் உதவி, நம் ஊர் மொய் மாதிரியான ஏற்பாடுகள். முழுக் காப்பு இல்லை என்பதையும் அவர் சொன்னார். ஓர் ஊரில் நிலமில்லாதவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் குறைவு. இன்னொன்றும் உண்டு. மழை பொய்த்தால் ஊருக்கே சேர்த்துப் பொய்க்கும், அப்போது யார் யாருக்குக் கைமாற்று கொடுப்பது?

அந்தக் கேள்விக்கு அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்ததுதான், நான் வகுப்பில் சொன்னால் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிற கட்டுரை. மார்க் ரோசன்ஸ்வைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989-ல் எழுதியது. அதே இக்ரிசாட் குடும்பங்களின் கணக்குதான். பெண்ணை ஏன் அவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரே மழை பெய்கிற வட்டாரத்துக்குள் சம்பந்தம் வைத்தால், நமக்குப் பொய்க்கும்போது சம்பந்திக்கும் பொய்க்கும். தூரத்தில், வேறு வேறு திசையில் சம்பந்தம் இருந்தால் ஏதாவது ஒரு பக்கம் விளைந்திருக்கும், அங்கிருந்து உதவி வரும். தரவு அப்படியே காட்டியது. விளைச்சல் வருமானம் ரொம்ப ஆடுகிற குடும்பங்கள் பெண்களை இன்னும் தூரத்தில் கொடுத்திருந்தன. அப்படிக் கொடுத்த வீடுகளில் சாப்பாட்டுச் செலவின் ஏற்ற இறக்கமும் குறைவாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் மாமன் மகன், அத்தை மகன் என்று பக்கத்திலேயே முடித்துக்கொள்கிற வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ‘அவ்வளவு தொலைவிலா குடுக்கப் போறீக?’ என்பதுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். அதனால் இந்தக் கட்டுரை எனக்கு இரட்டிப்பு ஆச்சரியம் தந்தது. தூரமாக இருந்தாலும் சொந்தத்துக்குள்தான் கொடுக்கிறார்கள் என்பதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். சொந்தம் என்றால் நம்பிக்கை இருக்கும், தூரம் என்றால் மழை வேறாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஏற்பாடு நிற்கும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்தார்கள் என்று அர்த்தமில்லை. தலைமுறைகளாகப் பட்ட அனுபவம் வழக்கமாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு தடவை போய்க் கணக்கெடுத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே முடியாது. நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் அதே வீட்டில் வந்து போவதைப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டைப் பற்றிய கட்டுரையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோசன்ஸ்வைக்கும் கென்னத் வோல்பினும் 1993-ல் எழுதினார்கள். வருமானம் விழுந்த வருஷத்தில் உழவு மாட்டை விற்றுச் சாப்பிடுகிறார்கள், அடுத்த வருஷம் உழ மாடில்லாமல் விளைச்சலும் விழுகிறது. பட்டினியைத் தள்ளிப்போட அடுத்த வருஷத்து வருமானத்தை விலையாகக் கொடுப்பது என்றால் என்ன என்று அதில் வருஷவாரியாகத் தெரியும்.

ஜோதாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இக்ரிசாட் ஆய்வைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று மேலே சொன்னேனே, அவர்தான். ராஜஸ்தானின் நாகோர் மாவட்டத்தில் இரண்டு கிராமங்களை 1963 முதல் 1966 வரை ஆராய்ந்தவர், 1982-84-ல் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார். வருமானத்தைக் கணக்கிட்டார். சில குடும்பங்களுக்குத் தலைக்கு உண்மை வருமானம் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. வழக்கமான ஆய்வு என்றால் ‘இவர்கள் மேலும் ஏழையானார்கள்’ என்று எழுதி முடித்திருக்கும். ஜோதா அந்த மக்களிடமே கேட்டார்: நல்லா இருக்கிறோம் என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? அவர்கள் சொன்னதை வைத்து 38 அளவுகோல்கள் தேறின. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு அவர் தயவில் இருக்க வேண்டியிருக்கிறதா, அவரிடம்தான் விதைக் கடன் வாங்க வேண்டுமா, பஞ்ச காலத்தில் பெரியவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்களா, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காலில் செருப்பு இருக்கிறதா, ஆளுக்கும் மாட்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறதா. வருமானம் குறைந்த அதே குடும்பங்கள் 38-ல் 37-ல் முன்னைவிட நன்றாக இருந்தன. 1988-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் இதை எழுதினார்.

இதைப் படித்துவிட்டு வருமானக் கணக்கே வேண்டாம் என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜோதாவால் இதைச் சொல்ல முடிந்ததே அவர் கையில் இருபது வருஷத்துக்கு முன்னால் தானே எடுத்த வருமானக் கணக்கு இருந்ததால்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் அந்த வித்தியாசம் பேசியது. ஒருவருக்குக் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது ரூபாயில் வராது, ஆனால் அதையும் எழுதிக்கொள்ள முடியும் என்று காட்டிவிட்டார்.

படிக்கிற காலத்தில் நானும் ஒரு தொடர் ஆய்வின் இரண்டாம் சுற்றுக்குக் களப்பணியாளராகப் போயிருக்கிறேன், விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களுக்கு. போன சுற்றில் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் மட்டும் கையில் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் முதலில் இருந்த பெயரைப் படித்தேன்.

“அவுக போய்ட்டாக தாயி. ரெண்டு வருசமாச்சு.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரே ஆரம்பித்தார். சிறுநீரகக் கோளாறு, மதுரைக்கும் ஊருக்கும் அலைச்சல், முதலில் ஆடுகள் போனது, பிறகு இரண்டு ஏக்கரும் ஒத்திக்குப் போனது.

“போன தடவ ஒரு தம்பி வந்து இதே மாதிரிதான் கேட்டு எழுதிட்டுப் போச்சு. அப்ப எங்கிட்ட எல்லாம் இருந்துச்சு. இப்ப நீ வந்திருக்க. எழுதி எழுதி என்ன தாயி செய்யிறீக?”

“பாட்டி, உங்க வீட்ட மாதிரி எத்தன வீடு ஆஸ்பத்திரி செலவால இப்படி ஆச்சுன்னு கணக்கு வரும். அதக் காட்டி கவர்மெண்டுகிட்ட கேக்கலாம்.”

“கேளு, கேளு. எழுதிக்க. ஒத்திப் பணம் எவ்வளவுன்னும் எழுதிக்க.”

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. வருஷக்கணக்கில் தங்கள் வீட்டுக் கடனையும் சாவையும் திறந்து சொல்கிறவர்களுக்கு ஆய்வின் முடிவு ஒரு துண்டுத்தாளாகக்கூடத் திரும்பி வருவதில்லை. ஆய்வுச் செலவில் ஒரு பங்கை எடுத்து வைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்த ஊரிலேயே கூட்டம் போட்டு, ‘உங்கள் வட்டாரத்தில் நாங்கள் கண்டது இது’ என்று அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். இதற்குத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கினால்தான் நடக்கும். நல்ல மனசை நம்பி விட்டால் நடக்காது.

தொடர் ஆய்வுகள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒரு குடும்பத்தின் செலவு முதல் சுற்றில் தப்பாகக் குறைத்து எழுதப்பட்டிருக்கும், இரண்டாம் சுற்றில் சரியாக எழுதப்பட்டிருக்கும். காகிதத்தில் அந்தக் குடும்பம் வறுமையிலிருந்து மீண்டுவிட்டது, வீட்டில் எதுவும் மாறவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் நிறையக் குடும்பங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது இந்தப் பிழை பெரிதாகிவிடும். டவுன்செண்டின் முடிவையும் இப்படிக் கேள்வி கேட்டார்கள். இக்ரிசாட் செலவுக் கணக்கு எடுக்கப்பட்ட விதத்தை ஷுபம் சௌத்ரியும் மார்ட்டின் ரவாலியனும் விமர்சித்தார்கள். இரண்டு சுற்று மட்டும் இருந்தால் பிழை எது, மாற்றம் எது என்று பிரிப்பது கஷ்டம். மூன்று, நான்கு, பத்து என்று போகப் போகத்தான் தெளியும்.

இதற்கு அமெரிக்காவில் ஓர் அழகான உதாரணம் உண்டு. அதிபர் லிண்டன் ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பலன் தருகின்றனவா என்று பார்க்க, 1968-ல் சுமார் 4,800 குடும்பங்களோடு மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு தொடர் ஆய்வைத் தொடங்கியது. 1997 வரை வருஷா வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, இன்றும் நடக்கிறது. அப்பாவின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு 0.2 அளவுதான் என்று அதற்கு முன் பலர் கணித்திருந்தார்கள். அப்படியானால் தாத்தாவின் வசதி பேரனிடம் ஏறக்குறைய மறைந்துவிடும், 0.2-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.04. அமெரிக்காவில் யாரும் மேலே வரலாம் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய ஆதாரம். 1992-ல் கேரி சோலன் அந்த ஆய்வின் குடும்பங்களை எடுத்து, அப்பாவின் ஒரு வருஷ வருமானத்துக்குப் பதில் பல வருஷ சராசரியை வைத்துக் கணக்கிட்டார். தொடர்பு 0.4 அல்லது அதற்கும் மேல் என்று வந்தது. ஒரு வருஷக் கணக்கில் இருந்த தற்செயல் ஏற்ற இறக்கம் உண்மையை மறைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாடு தன்னைப் பற்றி வைத்திருந்த நம்பிக்கையையே திருத்தி எழுத இருபது வருஷப் பொறுமையான கேள்விகள் தேவைப்பட்டன.

அந்த அமெரிக்க ஆய்வில் நான் பொறாமைப்படுவது வேறொரு விதியை. முதல் சுற்றில் இருந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளை வளர்ந்து தனியாகப் போனால், ஆய்வும் கூடவே போகும். கலிஃபோர்னியா போனாலும் சரி, கல்யாணமாகி விவாகரத்தானாலும் சரி, அந்த ஆளை விடமாட்டார்கள். நம் ஊர் ஆய்வுகள் பெரும்பாலும் வீட்டைத்தான் பின்தொடர்கின்றன. இக்ரிசாட் ஆய்வு 1985-ல் நின்று, 2001-ல் மறுபடி ஆரம்பித்தபோது இடையில் பதினாறு வருஷம் ஓடியிருந்தது. ஊரை விட்டுப் போனவர்களைத் தேடும் வேலை பிறகு தனியாக நடந்தது. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் இரண்டாம் சுற்றில், பிரிந்து தனிக்குடித்தனம் போனவர்களை அதே ஊருக்குள் இருந்தால் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரை விட்டுப் போனவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தான்சானியாவின் ககேரா வட்டாரத்து ஆய்வு காட்டியது. 1991-94-ல் பேசிய தொள்ளாயிரத்துச் சொச்சம் குடும்பங்களை 2004-ல் தேடிப் போனார்கள். அவை 2,700-க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரிந்திருந்தன. எல்லை தாண்டி உகாண்டா வரை போய்க் கண்டுபிடித்தார்கள். ஊரிலேயே இருந்தவர்களைவிட வெளியே போனவர்களின் நுகர்வு வளர்ச்சி 36 சதவீதப் புள்ளிகள் கூடுதல். பழைய ஊர்களிலேயே நின்று கணக்கெடுத்திருந்தால் இந்த முன்னேற்றம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

இந்தியாவில் ஊரை விட்டு அதிகமாகப் போகிறவர்கள் யார்? பெண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த பெண்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் கல்யாணம். அப்படியானால் வீட்டைப் பின்தொடரும் எந்த ஆய்விலும், முதல் சுற்றில் பத்து வயதாக இருந்த பையன் மூன்றாம் சுற்றிலும் இருப்பான், அவன் தங்கை இருக்கமாட்டாள். அவள் பெயருக்கு நேரே ‘திருமணமாகிச் சென்றுவிட்டார்’ என்று ஒரு குறியீட்டு எண் விழும், அவளுடைய கதை அங்கேயே முடிந்துவிடும். பள்ளியில் அவள் எத்தனை வகுப்பு படித்தாள், என்ன எடை இருந்தாள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். அந்தப் படிப்பு அவளுக்குப் புகுந்த வீட்டில் என்ன செய்தது, வேலைக்குப் போக விட்டார்களா, கையில் காசு இருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் புகுந்த வீடு மாதிரியில் இல்லாத வேறொரு வீடு.

ரோசன்ஸ்வைக், ஸ்டார்க் கட்டுரையை இந்தக் கோணத்தில் மறுபடி படித்துப் பாருங்கள். மகளைத் தூரத்தில் கொடுத்த குடும்பத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு அதில் ரொம்பத் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. தூரத்தில் போன மகளுக்கு என்ன கிடைத்தது என்பது அந்தத் தரவில் இல்லை. பிறந்த வீட்டுக்கு ஆபத்தில் உதவி வாங்கித் தந்தவள், தனக்கு ஆபத்து என்றால் பிறந்த வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேர முடிந்தது? கேட்க வேண்டியவள் பட்டியலில் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

ரோசன்ஸ்வைக் பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2009-ல் அந்தப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டிலேயே ஒரு நீண்ட காலத் தொடர் ஆய்வைத் தொடங்கியது. கிராமமும் நகரமும் சேர்ந்து சுமார் 10,000 குடும்பங்கள். அதுவும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் அடுத்த சுற்றும் இன்னும் பல வருஷம் ஓட வேண்டும், பணம் நின்றுபோகக் கூடாது என்பது என் ஆசை. கூடவே ஒரு கோரிக்கை. கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயருக்கு நேரே குறியீட்டு எண் போடும் இடத்தில் இரண்டு கட்டம் சேருங்கள்: எந்த ஊர், என்ன போன் நம்பர். தகவலைப் பிறந்த வீட்டிலேயே கேட்டு வாங்கலாம், அம்மாக்கள் சொல்வார்கள். அவளைத் தனியாகப் பேச வைப்பது சுலபமில்லை, போன் மாமியார் கையில் இருக்கலாம், அதனால் நேரிலேயே ஒரு பெண் களப்பணியாளரை அனுப்ப வேண்டியிருக்கும். எல்லாரையும் தேடக் காசில்லை என்றால் பத்தில் ஒருத்தியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துத் தேடலாம். அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாள் எழுதும்போதே இதைச் சேர்த்துவிட வேண்டும். களத்தில் இறங்கிய பிறகு சேர்த்தால் முதல் ஊர்களின் பெண்கள் மறுபடியும் விட்டுப்போவார்கள்.